பொது முகடு

ஒரே கூரையின் கீழ்தான் குடியிருக்கிறோம்
நானும் பிரெஸ்தீரும்.
நடுவில் ஒரு சுவர். இரண்டு வாசல்.
பதினோரு வருட வணக்கம்.
வானிலையைத் தாண்டிப் பேசியதில்லை;
ஃபாரோ தீவுகளில்
அதுவே நாள் முழுக்கப் போகும்.

ஜனவரிப் புயல்
கிழக்கு ஓரத்துத் தகரத்தைப் பிய்த்து
மீன் ஆலை வாசலில் கிடத்தியது.
யாருடையது என்று கேட்டு வந்தார்கள்.
எல்லைக்கோடு தகரத்தின் நடுவே ஓடுவதால்
இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

புல்கூரை போடலாம் என்றான் அவன்.
இரவு ஷிப்ட்டில் சால்மன் குடல் எடுப்பவன்,
பகலில் உறங்குபவன்.
"தகரத்தில் பெய்கிற மழை
என் மண்டையில் ஆணி அடிக்கிறது."

எனக்கோ தகரம்தான் வேண்டும்.
துறைமுக அலுவலகத்தில்
எட்டு மணி நேரம் காதில் கருவி மாட்டி
எந்தப் படகு எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பவள்.
வீட்டுக்கு வந்தால்
பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு சத்தம் வேண்டும்.
தவிர,
புல்லுக்கடியில் படுக்க
எனக்கு இன்னும் நாளிருக்கிறது.
இதை அவனிடமே சொல்லிவிட்டேன்.
சிரித்தானா தெரியாது. தாடி அடர்த்தி.

தச்சர் மௌரித்ஸ் பரணில் ஏறி
கைமரங்களைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தார்.
ஓடு பேச்சே வேண்டாம்,
காற்று அதைச் சீட்டுக்கட்டாய்க் கலைத்துவிடும்.
நனைந்த புல்லோ
சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ.
"இந்த மரம் உங்கள் சண்டையைத் தாங்கும்,
புல்லைத் தாங்காது."
இறங்கிக் காபி கேட்டார்.
யார் வீட்டில் என்று
ஒரு கணம் இருவருமே யோசித்தோம்.

முடிவில் தகரம்தான்.
அவன் பாதிக்கு மட்டும் அடியில்
ஒரு சாண் மரநார்.
அதன் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது.
ஏன் ஒப்புக்கொண்டேன் என்று
வங்கிப் பெண் கேட்கவில்லை, நல்லவேளை.

பிறகு நிறம்.
கடைக்காரி தந்த அட்டையில்
வெள்ளை மட்டும் பத்தொன்பது.
மாதிரிக்கு என் பக்கச் சுவரில்
ஆறு சதுரம் தீட்டினேன்:
துருச் சிவப்பு, கடுகு, பாசி,
இன்னும் மூன்று, பெயர் ஒட்டவில்லை.
காலையில் அழகாயிருந்த பாசி
மூன்று மணி மூடுபனியில்
பழைய காயம்போல் கன்றிப்போயிற்று.

மறுநாள் விடியலில்
ஏழாவது சதுரம் ஒன்று இருந்தது.
கருநீலம். கோணல்.
வேலைக்குக் கிளம்பும்போது
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பூசியிருப்பான்.

எட்டாவதை நான் பூசினேன்,
அதையே கொஞ்சம் சாம்பலாக்கி.
ஒன்பதாவது அவனுடையது,
கொஞ்சம் பச்சை விட்டு.
இப்படியே போய்
பதினாலில் சுவர் தீர்ந்தது.
தபால்காரர் கேட்டார்,
சதுரங்கம் ஆடுகிறீர்களா என்று.

கூரை கறுப்பு: அதில் பேச்சில்லை.
சுவர்கள் அந்தப் பதினாலாவது.
அதற்குக் கடையில் எண் இல்லை;
ஒரு சிராயைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் காட்டிக்
கலந்து வாங்கினோம்.
ஜன்னல் சட்டம் எனக்கு வெள்ளை, அவனுக்குச் சிவப்பு.
இரண்டு வாசலுக்கும் நடுவே
இறவாணத்திலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய்
யாருடையது என்பது மட்டும் முடிவாகவில்லை.
அடிப்பூச்சோடு நிற்கிறது,
மே மாதத்திலிருந்து.

நேற்றுப் பகல்
புதுத் தகரத்தில் முதல் அடைமழை.
விடுப்பு எடுத்துக்கொண்டு
கேட்டபடி கிடந்தேன்.
பெரிய தட்டில் அரிசி கொட்டுவதுபோல் தொடங்கி
அப்புறம் எதைப்போலவும் இல்லாமல்.

நடுச்சுவரில் மூன்று தட்டு.

தூக்கம் கெட்டுவிட்டதா,
அங்கே ஒன்றுமே கேட்கவில்லை என்கிறானா,
இல்லை குழாயைப் பற்றியா.

எழுந்து
நானும் தட்டினேன்.
இரண்டு.
ஏன் இரண்டு என்று என்னைக் கேட்காதீர்கள்.