கால்களுக்கிடையே தெரிந்தது

என் வேலை குனிவது.
குனிந்து, கால்களுக்கிடையே
பந்தைப் பதினைந்து கஜம் பின்னால் அனுப்புவது.
முக்கால் நொடி.
ஓர் ஆட்டத்துக்கு எட்டோ பத்தோ முறை.
நான்கு வருடத்தையும் கூட்டிப் பார்த்தேன்,
ஒரு முட்டை வேகும் நேரம்கூட வரவில்லை.

அதனால் நெப்ராஸ்காவை நான்
தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறேன்.
மேலே புல், கீழே வானம்,
வானத்தில் தொங்கும் கூட்டுறவுச் சங்கத்துத் தானியக் குதிர்,
நடுவே இரண்டு கைகளையும் நீட்டியபடி
கடன் கேட்க வந்தவனைப் போல ஆன்செல்ம்,
எங்கள் பன்ட்டர்.

ஆகஸ்டில் தொண்ணூற்று நான்கு பேர் வந்தோம்.
வெயில் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பியது.
இது நம் வருடம் என்றார் பயிற்சியாளர் ஹவ்லிச்செக்.
போன வருடமும் அதே தொப்பி, அதே வாக்கியம்.

முதல் ஆட்டம், நாற்பத்தொன்றுக்கு மூன்று.
அந்த மூன்றில் எனக்குப் பங்குண்டு,
கேட்டால் சொல்வேன்.
இரண்டாவதும் போயிற்று.
மூன்றாவதில் மழை. ஜெயித்தோம்,
அவர்கள் எங்களைவிட அதிகம் வழுக்கி விழுந்ததால்.
குரலே இல்லாத லெமுவேல்
மிசௌரி ஆற்றுப் பாலம் வரை பேருந்தில் பாடினான்,
ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நான்காவதில் தாடியஸின் முழங்கால்.
அந்தச் சத்தம்
காய்ந்த சோளத்தட்டையை மிதிக்கும்போதெல்லாம் வருகிறது.
இங்கே எங்கே நடந்தாலும் சோளத்தட்டைதான்.

ஐந்தைப் பற்றிப் பேச வேண்டாம்.
ஆறாவதில் எப்படியோ ஜெயித்தோம்.

மூன்றரை வருடம்
மைதானத்து ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னதில்லை.
அதுதான் என் பெருமை.
ஏழாவது ஆட்டத்தில் வடக்குக் காற்று,
விரல் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய குளிர்.
பந்து ஆன்செல்மின் தலையைத் தாண்டி,
எனக்குக் கீழே, அதாவது வானத்தில்,
ஒரு வாத்தைப் போல அவசரமில்லாமல் போயிற்று.

"பந்தை அனுப்பியது, எண் ஐம்பத்தெட்டு, கெரிட் வோஸ்லர்."

அம்மா அன்றைக்கென்று வந்திருந்தாள்.
பெயரைச் சரியாக உச்சரித்தார்கள் என்றாள்,
சொல்ல வேறெதுவும் அகப்படாமல்.

குனிந்தவனைத்தான் குட்டுவார்கள்.
திங்கட்கிழமை அந்த வாத்தைப்
பதினேழு முறை திரையில் பறக்கவிட்டார் ஹவ்லிச்செக்.
பிறகு விளக்கைப் போட்டு,
"குளிராகத்தான் இருந்தது" என்றார்,
தொப்பியைப் பார்த்தபடி.

எட்டு, ஒன்பது. தோல்வி, தோல்வி.

கடைசி ஆட்டத்தில் பனி.
கேலரியில் இருநூறு பேர் இருந்தால் அதிகம்.
ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், நான்கு நொடி மீதி.
உதைக்க வந்தான் ஒக்டாவியோ,
இறைச்சி ஆலை ஊர்க்காரன்,
ஷூவை மட்டும் யாரையும் தொடவிடமாட்டான்.
எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

நான் அனுப்பினேன்.
அனுப்பியதும் வழக்கம்போல
நூற்றிருபது கிலோ என் மேல் விழுந்தது.

எங்கள் அணி உதைத்த எந்தப் பந்தும்
கம்பங்களுக்கிடையே போவதை நான் பார்த்ததில்லை.
முகம் புல்லில் இருக்கும்.
காதுதான் சொல்லும்.
இன்று இருநூறு பேரும் கம்பளிக் கையுறையில்,
தட்டினாலும் கேட்காது.
மேலே கிடந்தவன் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"போச்சு" என்றான்.

எது?

"உள்ளேதான்" என்று
பெருமூச்சோடு எழுந்து கை கொடுத்தான்.
மூக்கில் ரத்தம், நெற்றியில் புல்.
உனக்கும் கடைசியா என்றேன்.
ம்.
எல்லோரும் ஒக்டாவியோவின் மேல் குவிந்திருக்க
நாங்கள் இருவரும் நிமிர்ந்து நின்று
அந்த மஞ்சள் கம்பங்களைப் பார்த்தோம்,
ஏதோ அங்கே இன்னும் நடக்கப்போவதுபோல.

மூன்று வெற்றி, ஏழு தோல்வி.
ஹெல்மெட், தோள் கவசம், ஐம்பத்தெட்டாம் எண் சட்டை,
எல்லாம் எண்ணிப் பார்த்தார் சாமான் அறைக்காரர் ஓர்வில்.
ஒரு காலுறை குறைகிறது என்றார்.
எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
மேசை தாழ்வாக இருந்தது.
குனிந்து கையெழுத்துப் போட்டேன்.