பதினான்கில் ஒரு மேடு

பிப்ரவரி. குவெல்ஃப்.
பெயர் ஸ்பீட் ஆறு; இன்று வேகம் ஏதுமில்லை.
பனிக்கட்டிக்குக் கீழே எங்கோ ஓடுகிறது என்ற நம்பிக்கையில்
பாலத்தைக் கடக்கிறேன்.

காந்தம் இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில்.
கடிகாரம், சாவி, வங்கி அட்டை
எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு
பென்சில் கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாயோடு உள்ளே போகிறேன்.
குழாயில் இருப்பது ஒரு சட்டை.
எலோராவில் ஹூக்ஸ்ட்ராவின் பண்ணைக் கோழி,
அதன் குடலில் குடியிருந்த ஒன்றின் சட்டை.

"என் கோழிகளுக்கு என்ன வியாதி?" என்று கேட்டார் அவர்.
கோழிகளுக்கு ஒன்றுமில்லை.
தின்கிறவர்களுக்குத்தான்.

சட்டை சர்க்கரையால் ஆனது.
இனிக்குமா தெரியாது, நக்கிப் பார்த்ததில்லை.
கண்ணி கண்ணியாய்க் கோத்த சங்கிலி;
சில கண்ணிகளின் தோளில்
ஒரு பாஸ்பரஸ், ஒரு நைட்ரஜன், ஒரு மெத்தில்.
மெய்யெழுத்தின் தலைமேல் புள்ளி:
வைத்தால் ஓர் எழுத்து, எடுத்தால் வேறெழுத்து.
(என் ஆய்வறிக்கையில் உவமை செல்லாது.
இங்கே செல்லும்.)

அந்த நைட்ரஜன் குளூட்டமைனுடையது.
ஒரு நொதி அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது.
இன்னொன்று சைட்டிடினைக் கைப்பிடியாய் மாட்டுகிறது.
மூன்றாவது வெட்ட,
குளூட்டமேட் கழன்று விழுகிறது;
நைட்ரஜன் மட்டும் பாஸ்பரஸின் கையை விடவில்லை.
இத்தனையும்
ஒரு மைக்ரான் அகலம்கூட இல்லாத உடம்புக்குள்.
என் அடுக்களையில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும்.

திரையில் பதினான்குக்கு அருகே ஒரு மேடு வரவேண்டும்.
போன மாதம் வந்தது.
இன்று தட்டைக் கோடு.

எதை மாற்றி ஊற்றினேன் என்று
ஒரு மணி நேரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.
ஒக்ஸானா வந்தாள், காபியை வெளியே வைத்துவிட்டு.
"இதற்குப் பேஜ் போட்டாயா?"
போட்டேன். பத்து நாளாகிறது.
பாக்டீரியாவைத் தின்னும் அந்த வைரஸ்
புள்ளியைத் தடவித்தான் வீட்டை அடையாளம் காணும்.
கதவிலக்கத்தைப் பிய்த்தெறிந்துவிட்டுப்
பிழைத்த கூட்டம் இது.

மரபணுவைப் படிக்கக் கொடுத்தோம்.
ஜி ஜி ஜி என்று ஒரே எழுத்து நீள்கிற இடம்;
ஒன்பது இருக்கவேண்டியதில் பத்து.
ஓர் அசை மிகுந்தது, தளை தட்டியது,
பிறகு வந்த சீரெல்லாம் உளறல்.
திட்டமிட்ட தந்திரம் எதுவும் இல்லை, வெறும் திக்கல்.
திக்கியது பிழைத்தது.

ஆனால் மனித ரத்தத்தின் சீரத்தில் விட்டபோது
புள்ளிவைத்த கூட்டம் தட்டு நிறைய முளைத்தது;
திக்கிய கூட்டத்தின் தட்டு
ஸ்பீட் ஆற்றைப் போல வெள்ளையாய்க் கிடந்தது.
வைரஸுக்குக் காட்டிக்கொடுத்த அதே புள்ளி
இங்கே காவல்.

விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன்.
வெறுமை இல்லை. நான்கு பொட்டுகள்.
நான்கையும் தனித்தனியே வளர்த்துப் படித்தோம்:
மூன்றில் ஒன்பது.
இன்னொரு முறை திக்கி
பழைய யாப்புக்கே திரும்பியிருந்தன.

நான்காவதில் பத்துதான்.
மூன்று முறை பார்த்தாயிற்று, பத்துதான்.
சட்டையில் புள்ளி கிடையாது, திரையில் மேடு கிடையாது,
ஆனாலும் உயிரோடு இருக்கிறது.
ஒக்ஸானா தோளைக் குலுக்கினாள்.
மூடியில் மையால் ஒரு கேள்விக்குறி போட்டு
மைனஸ் எண்பதில் வைத்திருக்கிறேன்,
இரண்டாம் தட்டு, இடது மூலை.