ஏழாம் பட்டை

வால்வைத் திருகுவதுதான் என் வேலை.
வெள்ளைத் தொட்டியிலிருந்து அம்மோனியா
கால்வாய்த் தண்ணீருக்குள் சீறி இறங்கும்.
மூக்கில் ஊசி குத்தும், கண் தானாக அழும்.
இருபத்திரண்டு வருஷம்
கூலிக்கு அழுதிருக்கிறேன்.

சொனோராவில் வானத்தை யாரும் நம்புவதில்லை.
அணை திறந்தால் கோதுமை,
மூடினால் புழுதி.
பயிர் குடித்து மிஞ்சிய உரம்
வடிகாலோடு கடலுக்குப் போகிறது.
சில நாள் அங்கே தண்ணீர் பச்சையாய்த் திரளும்.
இறால் பிடிக்கிற என் மைத்துனன் நெமேசியோ
"உங்க வயல் இங்கேயும் விளையுது" என்பான்,
சிரிக்காமல்.

இந்த வருஷம் உர விலை ஏறியது.
முதலாளி யோகுபிசியோ கணக்கு நோட்டை
மூன்று முறை மூடித் திறந்தார்.
அடுத்த வாரம் பொறியாளர் மாரிக்ரூஸ் வந்தாள்,
கையில் தெர்மகோல் பெட்டி.
உள்ளே பன்னிரண்டு பொட்டலம்,
பட்டைக்கு ஒன்று.
"உயிருள்ளது. வெயில் ஆகாது.
ஒரு சிட்டிகையில் இருப்பது
இந்தப் பள்ளத்தாக்கு ஜனத்தைவிட அதிகம்."
பார்த்தேன்: ஈரமான காப்பித்தூள்.
முகர்ந்தேன்: பூட்டிக் கிடந்த வீட்டை
மழைநாளில் திறந்த வாசம்.

பிசின் தண்ணீர், கறுப்புத் தூள், விதை
மூன்றும் சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தில் உருண்டன.
ஒவ்வொரு மணியும் வெளியே வந்தது
கரி அப்பிய பையன்போல.
வால்வு பாதி போதும் என்றார்கள்.
பழகிய கை முழுசாய்த் திருகப் போனது,
பிடித்து நிறுத்தினேன்.
பாதிச் சீறல், பாதி அழுகை.

இனி, யாரிடமும் சொல்லாதது.

விதைப்பு எந்திரத்துக்குப் பெல்ட் வாங்க
டவுனுக்குப் போனேன், உச்சி வேளை.
கடையில் வரிசை.
ஒரு பொட்டலம் வண்டியிலேயே கிடந்தது,
முன்கண்ணாடிக்கு அடியில், ஜன்னல் ஏற்றியபடி,
இரண்டு மணி நேரம்.
தொட்டால், அப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்த
டோர்ட்டியாச் சூடு.
அத்தனை கோடி சாவு,
ஒரு முனகல் இல்லை.
நிறம் மாறவில்லை. வாசம்கூட ஏறக்குறைய அதேதான்.
கலந்துவிட்டேன்.
ஏழாம் பட்டையில் விதைத்தோம்.

ஜனவரியில் அவள் செடி பிடுங்கிப் பார்த்தாள்.
ஆறில் வேரை உதறினாள், மண் விடவில்லை,
காலுறை மாட்டியது மாதிரி ஒட்டி நின்றது.
எட்டிலும் அப்படி.
ஏழில் வேர்
கழுவி எடுத்ததுபோல் வந்தது.
இலை நுனி மஞ்சள்.
நோட்டில் எழுதினாள்: பலன் இல்லை.
"இங்கே மட்டும் உப்பா?" என்று
முழங்கால் மடக்கி மண் அள்ளினாள்,
சொந்தக் காசில் பரிசோதனைக்கு அனுப்பினாள்.
அந்தப் பையை வண்டிவரை சுமந்தது நான்.
மறு வாரமும் நான்.

சாமத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது
டார்ச் ஏழின்மேல் விழாமல் பிடித்தேன்.
பயிருக்குக் கண் உண்டா என்ன.

பிப்ரவரியில் மூன்றாம் பையோடு அவள் குனிந்தபோது
வாய் தானாகத் திறந்தது:
"வண்டியில் வெச்சுட்டேன். கண்ணாடிக்குக் கீழே."
திட்டுவாள் என்று நின்றேன்.
அவள் சப்பணமிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.
"செத்த பொட்டலத்துக்கு ஒரு பட்டை கேட்டேன், சென்ச்சோ,
ஒப்பிட்டுப் பார்க்க.
வீண் செலவுன்னு உங்க முதலாளி கொடுக்கல."
பலன் இல்லை என்பதை அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினாள்: வெந்தது.
பிறகு சொன்னாள்,
"ஒரே பட்டை. இதை வெச்சு ஊருக்குச் சொல்ல முடியாது.
அடுத்த வருஷம் நாலு வேணும்,
வேணும்னே வேக வெக்கணும்."

அறுவடையில் ஏழு மட்டும் மூன்று மூட்டை குறைவு.
முதலாளி அதை என் கணக்கில் எழுதினார்.
மற்ற பதினொன்றில் மிச்சமான உரக் காசை
யார் கணக்கிலும் எழுதியதாய்த் தெரியவில்லை.

நவம்பர் திரும்ப வந்தது.
பொட்டலங்கள் இப்போது என் வீட்டுக் குளிர்பெட்டியில்,
முட்டைக்குக் கீழ்த் தட்டில்.
இடமில்லை என்று என் மனைவி எடுத்து வைத்த பீர்
வாசலில் நிற்கிறது,
நல்ல வெயிலில்.