ஈர்க்குச்சி அளவு

பதினேழாம் கொண்டை ஊசியில் விழுந்தேன்.
குரங்கு குறுக்கே வரவில்லை, பஸ் உரசவில்லை,
சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.
கோடை மழையில் ஊறிய சில்வர் ஓக் இலைகள்,
கொஞ்சம் அவசரம்.
சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தது,
நான் அதன்மேல்.

அடிவாரம் வரை கியர் தேவைப்படவில்லை.
கோரிமேட்டில்தான் தெரிந்தது:
நான்கைத் தட்டினால் ஐந்துக்குப் போகிறது,
ஐந்தில் நிற்காமல் மூன்றுக்கு மனசு மாறுகிறது.
பெரிய பல்லுக்கு ஏற்றினால்
ஆரக்கால்களில் டிக் டிக் டிக் என்று
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

கடையில் ஹேங்கர் என்றேன்.
பையன் என் சட்டையைப் பார்த்தான்.
முதலாளி குனிந்து பார்த்துவிட்டு
“எட்டு நாள் ஆகும். வந்தாலும்
உங்க மாடலுக்குப் பொருந்தணும்” என்றார்.
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு அலுமினியத் துண்டு.
மொத்த சைக்கிளும் அதன் பேச்சைத்தான் கேட்கிறது.

இரவு பதினொன்றரை.
மதியழகனுக்கு இரும்பாலையில் முதல் ஷிப்ட்,
நான்கரைக்கு எழ வேண்டும், உள்ளே தூங்குகிறான்.
விழுந்ததைச் சொல்லவில்லை.
மே மாதத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறேன்,
அவன் கேட்கவும் இல்லை.

ஹாலில் பாய் விரித்து
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன்.
டிரெயிலரைக் கழற்றிச் செயினோடு தொங்கவிட்டேன்.
மாடிப்படிக்கடியில் கிடந்த
கீழ்வீட்டு இர்ஃபானின் பழைய பின்சக்கரம்,
அதன் அச்சுக்கும் இந்த ஓட்டைக்கும் ஒரே மரை.
இரண்டு சுற்று விரலால் திருகிப் பார்த்தேன்.
மறுப்பு சொல்லாமல் ஏறியது.

இப்போது ஒரே சைக்கிளுக்கு
பின்னால் இரண்டு சக்கரம், பக்கத்தில் பக்கத்தில்.
அடுக்கிய இட்லித் தட்டு மாதிரி
எங்கே தொட்டாலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும்.

ஸ்கேல் நுழையவில்லை.
துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சியை உருவி
ரிம்முக்கும் ரிம்முக்கும் நடுவே நீட்டி
நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்தேன்.
மேலே, புள்ளி.
முன்னால், புள்ளி.
கீழே, புள்ளிக்கு அப்பால் ஒரு நெல் அகலம்.
பின்னால்
அந்தப் பதினேழாம் வளைவு அப்படியே இருந்தது.

சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறேன்.
விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிக்கொள்கிறது.
இன்னும் கொஞ்சம்.
எங்கோ ஒரு இளக்கம்,
பாகு பதம் மாதிரி,
கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

எஃகு நூறு தடவை பொறுக்கும் என்பான் மதியழகன்,
அவனுக்கு அவன் ஆலைப் பெருமை.
அலுமினியம் கணக்கு வைத்துக்கொள்ளும்.
அதிகம் போனால் இரண்டு தடவை,
மூன்றாவதில் வாய் திறந்துவிடும்.

ஏற்காட்டு மண்ணில் பாக்சைட் உண்டு.
தோண்டி, லாரியில் மேட்டூர் போய்
அலுமினியம் ஆன காலமும் உண்டு.
இந்தத் துண்டு தைவான், முத்திரை இருக்கிறது.
ஆனாலும் பாருங்கள்,
விழுந்தது சொந்தக்காரர் வீட்டில்.

அதிகம் இழுத்துவிட்டேன்.
நெல் இந்தப் பக்கம் வந்துவிட்டது.
ஃபிரிட்ஜ் ஓய்ந்தது,
நானும் மூச்சை நிறுத்தி
திரும்பத் தள்ளினேன்,
தூங்கும் குழந்தையின் கையை
என் மேலிருந்து எடுப்பது போல.

அளந்தேன்.
நான்கு பக்கமும் புள்ளி.
உண்மையைச் சொன்னால் மூன்று பக்கம்.
நாலாவதில் நெயில் பாலிஷின் கனம்.
போதும்.

எல்லாவற்றையும் மாட்டிப் பெடலைக் கையால் சுற்றினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று...
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே மட்டும்
ஒரு சின்ன யோசனை.
பிறகு எட்டு வரைக்கும் தடையில்லை.

நிமிர்ந்தால் வாசற்படியில் மதியழகன்,
கைலியை இறுக்கிக்கொண்டு,
ஹாலில் மூன்று சக்கரங்களை எண்ணுகிறான்.
“என்ன வளைஞ்சது?”
ஹேங்கர் என்றேன்.
“அது எந்தப் பக்கம் இருக்கும்?”
எல்லா சைக்கிளிலும் வலப்பக்கம்தான் என்றேன்,
என் அறிவை நானே மெச்சிக்கொண்டு.

“அப்ப வலது முழங்கையைக் காட்டு.”

பெடலை விட்டேன்.
சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது,
ஆரக்கால்களில்
யாரும் தட்டவில்லை.