பதினோரு எண்ணிக்கை

எங்கள் இடம் மேடைக்குக் கீழே.
பாதிப் பேர் பலகைக்கு அடியில்,
பாதிப் பேர் வெளியே,
போர்வை போதாத படுக்கையைப் போல.

ஆறு குளிர்காலமாக
இந்த ஒரே இசை நாடகத்துக்குக்
கிளாரினெட் வாசிக்கிறேன்.
பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
மூன்றாம் அங்கத்தில் மஃபால்தா பாடிக்கொண்டே இருப்பாள்,
பாதிச் சொல்லில் நிறுத்துவாள்.
எல்லா வாத்தியமும் கூடவே நிற்கும்.
என் தாளில் ஒரு வெற்றுக் கட்டம்,
அதன்மேல் பென்சிலில்
எனக்கு முன்னால் வாசித்தவர் எழுதிய 'பதினொன்று'.
நான்காவதில் தலைக்குமேல் டொக்கென்று ஒரு சத்தம்.
கொஞ்சம் தூசி இறங்கும்.
பதினொன்று முடிந்ததும் நான்,
நான் மட்டும்,
அடித்தொண்டையில் ஒரே ஒரு சுரம்.
'கேட்டும் கேட்காமலும்' என்று அதற்குக் குறிப்பு வேறு.
கேட்காத ஒன்றுக்கு
மாதச் சம்பளம் வாங்கினேன்.

அந்த டொக்கை என்னென்னவோ நினைத்திருக்கிறேன்.
கத்தி. கதவின் தாழ். மண்டியிடும் முழங்கால்.
டிராம்போன் லிவியோ சத்தியம் செய்தான்,
அது முத்தம் என்று.
முத்தத்துக்கு டொக் வராதே என்றேன்.
"யாருக்குக் கொடுக்கிறாய் என்பதைப் பொறுத்தது, ஒண்டினா."

பிப்ரவரியில் போரா அடித்தது.
மலையிலிருந்து கடலுக்கு ஓடும் காற்று;
திரியெஸ்தே அதன் வழியில் கட்டப்பட்ட தவறு.
தெருமுனையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தேன்.
கயிறு அங்கேயே இருந்தது,
நான் இல்லை.
மணிக்கட்டில் இரண்டு விரிசல்.
என் நாற்காலிக்குக் கொரிட்சியாவிலிருந்து ஒரு பையன்,
எனக்கு இலவசமாக ஒரு சீட்டு,
பன்னிரண்டாம் வரிசை.

பக்கத்தில், சோப்புக்கும் போகாத மீன் வாசத்தோடு
ஒரு மனிதர்.
தொடக்கத்திலிருந்தே புதினா மிட்டாய்.
வயலின்கள் தணிகிற இடமாகப் பார்த்து
ஒவ்வொரு தாளாகப் பிரித்தார்.
ஆறு வருடம் குழிக்குள்ளிருந்து நாங்கள் சபித்தது
இவரைத்தான்.

மூன்றாம் அங்கம்.
மஃபால்தா துறைமுகத்துக்குப் புறப்படுகிறாள்.
இஸ்திரி போட்ட உடை. சிவப்புக் காலணி.
வாசலில் ஒருவன் வந்து தொப்பியைக் கழற்றுகிறான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.

ஒன்று.
இரண்டு.
உட்கார்ந்தாள்.
மூன்று.
குனிந்து இடதுகால் காலணியை உருவினாள்.

டொக்.

அவ்வளவுதான்.
வலதை நோக்கிப் போன கை
வழியிலேயே நின்றுவிட்டது.
ஒரு கால் வீட்டில்,
ஒரு கால் இன்னும் கப்பலைப் பார்க்கப் போகிறது.

ஏழு. எட்டு.
புதினாத் தாள் பாதி பிரிந்தபடி அப்படியே.
பத்தில், பழக்க தோஷம்,
என் உதடு தானாகக் குவிந்தது.
மூச்சை இழுத்தேன்.
அதே நொடியில்
எண்ணூறு பேர் இழுத்தார்கள்.
மீன்காரர், மேல்மாடத்து மாணவிகள்,
பனிக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த நீதிபதி,
எல்லோர் வாயிலும் ஒரு கிளாரினெட் இருப்பது போல.

பையன் வாசித்தான்.
சுருதி ஒரு மயிரிழை இறங்கித்தான் இருந்தது.
இருந்தும் குடலைப் பிடித்தது.

விளக்கு வந்ததும் மீன்காரர்
என் முகத்தையும் மாவுக்கட்டையும்
மாறி மாறிப் பார்த்தார்.
"ரொம்ப வலிக்கிறதா?"
"ஆமாம்" என்றேன்.
பாதி பிரித்த மிட்டாயை
என் நல்ல கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் குழிக்குத் திரும்பினேன்.
லிவியோவிடம் சொல்லவில்லை,
அவனுக்கு முத்தமாகவே இருக்கட்டும்.
டொக்.
தூசி தாளின்மேல் இறங்கியது.
இடதுகால் என்று நினைத்தேன்,
வலது இன்னும் மாட்டியிருக்கிறது.
அந்த நினைப்பில் பன்னிரண்டு ஆகிவிட்டது.
நடத்துனர் முறைத்தார்.
வெளியே, இருட்டில்,
இழுத்த மூச்சை யாரும் விடவில்லை.
எனக்காகக் காத்திருந்தார்கள்.