சைடு ஸ்டாண்டு

டெல்பின் வருவதைப் பார்க்க வேண்டாம், கேட்டால் போதும்.
கருங்கல் ஏற்றத்தில் சரசரவென்று ஓர் அரைப்பு,
நடுவில் ஒரு டக்.
கொஞ்சம் பொறுத்தால் இன்னொரு டக்.

‘எஞ்சினு போச்சுண்ணு சொல்லுதாவ’ என்றாள்,
பின்னால் ஐஸ் பெட்டி, அதில் சாளையும் கொஞ்சம் அயலையும்.
எனக்கு முன்னே இரண்டு பேர் பார்த்த வண்டி.
ஒருவர் கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறார்.
மற்றவர், செயின் கவர்தான் தட்டுகிறது என்று
அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.
குறும்பனையில் அவள் வீட்டுக் கோழிகள்
இப்போது அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன.

நான் ஸ்பேனரைத் தொடவில்லை.
வண்டியை ஏற்றத்தின் உச்சிக்குக் கொண்டுபோனேன்.
பாறை ஏற்றிய டாரஸ் ஒன்று
கேரளாவுக்கு ஊர்ந்து முடிக்கும்வரை நின்றேன்.
பிறகு நியூட்ரல். சாவியைத் திருகி அணைத்தேன்.
இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது.
எஞ்சின் செத்துக் கிடந்தது,
சத்தம் மட்டும் உயிரோடு கூடவே வந்தது.

அப்படியென்றால் பின்னால்.

சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
டெல்பின் எண்ணினாள், மீன் எண்ணும் அதே குரலில்.
இரண்டரைச் சுற்றுக்கு ஒரு டக்.
இரண்டரைச் சுற்றென்றால் செயினுக்கு ஒரு முழுச் சுற்று,
எங்கோ ஒரே ஒரு கண்ணி மடங்க மாட்டேன் என்கிறது.
விரலால் அழுத்திப் பார்த்தால்
இங்கே துணி காயப்போட்ட கொடிபோலத் தொய்வு,
அரைச் சுற்று தள்ளி,
கிணற்றில் வாளி கனக்கும்போது இருக்கும் கயிறு.
ஒரே செயின்தான்.

கடைசியில் பல்சக்கரத்தின் பின்முனையில் பிடித்து இழுத்தேன்.
செயின் எழும்பியது. பாதிப் பல் வெளியே தெரிந்தது.
தெரியக் கூடாது.
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் காட்டினேன்.
குனிந்து பார்த்தவள்
‘இது பல்லா? தூண்டி முள்ளுல்லா’ என்றாள்.
அத்தனையும் ஒரே பக்கம் வளைந்து கூர்ந்து
எதையோ பிடிக்கக் காத்திருந்தன.

‘செயின மட்டும் மாத்து.’
பழைய பல் புதுச் செயினையும் இழுத்து நீட்டிவிடும், அக்கா.
‘அப்ப பல்ல மட்டும் மாத்து.’
மூன்றும் சேர்த்துத்தான், முன்னே உள்ள சின்னதும்.
விலை சொன்னேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
பெட்டியைத் திறந்து ஐஸை ஒதுக்கினாள், மூடினாள்.
‘ரெண்டு தவணை’ என்றாள்.

பேசிக்கொண்டிருக்கையில்தான் கவனித்தேன்.
சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்க,
பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர்
சொட்டு, சொட்டு,
வேறெங்கும் போகாமல் செயின்மேல்.
ஒவ்வொரு வாசலிலும் இப்படித்தானே நிறுத்துவாள்?
திக்கணங்கோடு வரை நாற்பது வீடு,
நாற்பது தடவை உப்பும் மீன்ரத்தமும்.
மேலே கவரும் இல்லை.

பெட்டியின் வலது மூலையில் ஓர் ஓட்டை போட்டேன்,
இடது ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தேன்.
அதற்குக் காசு கேட்கவில்லை, அதுதான் வேலை என்றாலும்.
கோழிகளிடமிருந்து கவரை வாங்கி வரச் சொன்னேன்.

புதுச் செயினோடு அவள் இறங்கிப் போனபோது
டயர் ரோட்டை நக்கும் ஓசை மட்டும்.
எனக்கே கொஞ்சம் கர்வம்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்து நிற்கிறாள்,
பாதிப் பெட்டி மீனோடு.
‘ஒரு வீட்டிலயும் சட்டி வெளிய வரேல்ல.
நான் வந்தேன்னே எவளுக்கும் தெரியேல்ல.’
ஹாரன் அடிக்க வேண்டியதுதானே?
‘அடிச்சேன்.’
பொத்தானை அழுத்திக் காட்டுகிறாள்.
இத்தனை வருஷம் தேவைப்படாத ஹாரன்,
உள்ளே பச்சைப் பூத்து
கிர்ர் என்று ஒரு கொசு.

குனிந்து காதை வைக்கிறேன்.
ஒயரா, சுவிட்சா.