விடைகள் மாறுபடலாம்

மழைக்கு விடுமுறை என்று
கலெக்டர் ஆறே முக்காலுக்குச் சொன்னால்
ஏழு மணிக்கு எங்கள் சர்வர் திணறும்.
மூன்றாம் வகுப்புக் கழித்தல்,
வல்லின றகரம் வரும் சொற்கள்,
யூகேஜி வாத்துக்கு வண்ணம்.
பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவைக்க
ஊர் முழுக்கக் காகிதம் தேடுகிறது.

சாலிகிராமத்தில்
பல் மருத்துவமனைக்கு மேல்மாடி.
நான்கு மேசை, ஓர் இன்வெர்ட்டர்.
கீழே யாருக்கோ பல்லைத் துளையிட
மேலே நான் கேள்வி எழுதுகிறேன்.
பதினோரு வருடம்.
மாலாவின் மாம்பழங்களை
எத்தனை பேருக்குப் பங்கு வைத்திருப்பேன்!
அவள் ஒன்றைக்கூடத் தின்றதில்லை.

படம் போடுவது முபாரக்.
யானையைக் கறுப்பால் நிரப்பமாட்டான்,
மை தீருதென்று ஜெராக்ஸ் கடைக்காரர்
முகம் சுளிப்பாராம்.
விலைக்கு வாங்கிய படத்தொகுப்பில்
வீடுகளுக்கெல்லாம் புகைபோக்கி.
ஒவ்வொன்றாய் அழித்துவிட்டு
அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி வைப்பான்.

‘ஞ’ எழுதப் பழகும் தாளில்
அம்புக்குறி போட்டவள் நான்.
எங்கே தொடங்கி எங்கே வளைவது என்று
ஆறாயிரம் வீடுகளுக்குப் போயிருக்கிறது.
‘ஞாயிறு பால் வேண்டாம்’ என்று
கதவில் எழுதி ஒட்டும்போது பார்த்தேன்,
என் ‘ஞ’ வேறெங்கிருந்தோ கிளம்புகிறது.
யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம்
காசிமேட்டிலிருந்து ஒரு புகைப்படம்.
பயிற்சித்தாள் எண் 218,
நனைந்து காய்ந்து, ஓரத்தில் ஒட்டிய செதிலோடு.
‘ஒரு கிலோ வஞ்சிரம் 800 ரூபாய்.
மூன்று கிலோவுக்கு எவ்வளவு தரவேண்டும்?’
யுகேஷ், மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு,
2150 என்று எழுதியிருந்தான்.
எங்கள் விடைக்குறிப்பைப் பார்த்து
ஆசிரியை சிவப்பில் சுழித்திருந்தார்.

கூடவே ஒரு குரல் பதிவு,
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
“மேடம், தேசராணி பேசறேன்.
மூணு கிலோ எடுக்கறவங்க
எண்ணூறா குடுத்துட்டுப் போவாங்க?
நானே கொறச்சிதான் போடுவேன்.
புள்ள கூடவே நின்னு பாத்துக்கினுதான் இருக்கான்.
வெட்டுக் கூலி வேற,
அத்த நீங்க கேள்வியில போடவே இல்ல.
அவன் எழுதுனதுல தப்பு இன்னா,
அத்த மட்டும் சொல்லுங்க.”

இது பெருக்கல் பாடம், பேரம் அல்ல
என்றார் ஹெப்சிபா மேடம்.
சரிதான். எட்டு மூன்று இருபத்துநாலு
யார் வந்து கேட்டாலும் இறங்காது.
தடைக்காலத்தில் இதே மீன்
ஆயிரத்து இருநூறு என்றான் முபாரக்,
அது எந்தப் பக்கம் பேசியதோ தெரியவில்லை.
டீ ஆறி ஆடை கட்டியது.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஓரத்தில் பென்சிலால், அழித்தும் அழியாமல்:
800
700
650
கூட்டல் பிசகவே இல்லை.

மாலைக்குள் முடிவானது.
வஞ்சிரத்தை எடுத்துவிட்டு
பிஸ்கட் பாக்கெட் வைத்தோம்.
அதன் முதுகிலேயே விலை அச்சிட்டிருக்கும்,
யாரும் வாயைத் திறக்க முடியாது.
218 இப்போது சுத்தமாக இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு
எண் இல்லாத ஒரு தாள் செய்தேன்.
‘முதல் கிலோ 800.
அடுத்த கிலோவுக்கு எவ்வளவு குறைப்பாய்?
எதற்காக?
வெட்டித் தர எவ்வளவு?’
மழைக்கு நின்றிருந்த முபாரக்
திரும்பி வந்து மீனை வரைந்தான்,
அதன் முதுகுக்கு மட்டும்
கறுப்பைத் தாராளமாக இட்டான்.

மொழிப்பாடத்துக்கு மட்டுமே நாங்கள் போடும் வரியை,
‘என் நண்பன்’, ‘நான் பார்த்த கடல்’ என்பவற்றுக்குக் கீழே
சின்ன எழுத்தில் போடும் அந்த வரியை
விடைக்குறிப்பில் தட்டச்சு செய்தேன்.
விடைகள் மாறுபடலாம்.

அனுப்பி இரண்டு நாளாகிறது.
நீலக் குறி விழுந்துவிட்டது.
பதில் இல்லை.
இன்று ஞாயிறு,
வியாபாரம் இருக்கும்.